ஸ்பிரிங் மாற்ற இரண்டு பேர் வேண்டும்

ஜூன் 10, திங்கள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. பேரருவி போகிற வழியில் போன வருஷம் போட்ட அதே இடத்தில் இன்று பலூன் சுடும் கடை போட்டோம். பலகையில் பலூன் கட்டி முடிக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. இந்த வருஷத்துப் பலூனுக்கு வாய் சின்னது, முடிச்சே விழவில்லை. பாதிக்கு மேல் என் வீட்டுக்காரர்தான் கட்டினார்.

"என்ன உலகு, ஒரு பலூனுக்கு இம்புட்டு நேரமா?" என்றார்.

பலூன் சரியில்லை என்றேன்.

பக்கத்துக் கடை என் ஓரகத்தி சண்முகவடிவுக்கு. கொழுந்தன் இசக்கித்துரை கத்தாருக்குக் கிளம்பும்போது, "மதினி, அவளையும் ஒங்க பக்கத்துல ஒரு பலூன் கடை போட்டு உக்கார வச்சிருங்க. வீட்டுல சும்மா கெடந்தா அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்று கேட்டான். அதுக்கென்ன, வரட்டும் என்று சொன்னது என் வாய்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. எங்களுக்கு ஐந்து ஏர்கன், அவளுக்கு நாலு. கடை போட்ட முதல் நாளே தலை நிறையப் பூவும் நெற்றியில் சந்தனமுமாக வந்து நின்றாள். கடைக்கு வந்தாளா, கல்யாணத்துக்கு வந்தாளா என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

சீசனின் முதல் ஸ்பிரிங் இன்று உடைந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த ஒரு கூட்டம். அதில் ஒருவன் குண்டு போடாமலே படபடவென்று நாலைந்து தடவை சுட்டு வேடிக்கை காட்டினான். வெறும் துப்பாக்கியைச் சுட்டால் ஸ்பிரிங் போய்விடும் என்று பலகையில் எழுதியே வைத்திருக்கிறோம். யார் படிக்கிறார்கள்? அடுத்த ஆள் குழலை மடக்கும்போது உள்ளே கரகரவென்றது.

ஸ்பிரிங் மாற்றுவது ஒரு ஆள் வேலை இல்லை. துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி, குழாயைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியேதான் இருக்கும். அது வெளியே பாயாமல் பின்பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு அடைத்திருக்கிறது, அதைக் குறுக்கே ஒரு சின்னப் பின் பிடித்திருக்கிறது. அந்த இரும்பின் மேல் மரத்துண்டை வைத்து அவர் நெஞ்சால் அமுக்குவார். நான் பின்னைப் பாதி தட்டி நிறுத்துவேன். அவர் நன்றாகப் பாரம் கொடுத்துவிட்டு "ம்" என்பார். அதன் பிறகுதான் முழுதாக இழுக்க வேண்டும். பிறகு அவர் மெல்ல மெல்ல எழுந்திருக்க, ஸ்பிரிங்கும் கூடவே எழுந்து வரும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

இன்றைக்கு அவர் "ம்" சொல்வதற்குள் பின் வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, அது தேய்ந்த பின். கை பட்டதும் தானாகக் கழன்றுவிட்டது. இரும்பு துள்ளி அவர் மேல் மோதியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழுத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு புது ஸ்பிரிங்கைப் போட்டார்.

ஜூன் 13, வியாழன்

அவர் கழுத்துக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றியிருக்கிறது. நேற்றையதா என்று கேட்டேன். "சீச்சீ, பலகையைத் தூக்கும்போது இடிச்சிட்டு" என்றார். நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

வடிவு கடையில் ஒரு ஸ்பிரிங் போய்விட்டது. அவர் சாமான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீ கடையைப் பாரு உலகு, ஆளு வருது" என்றார். அந்தப் பக்கம் திரும்பி, "வடிவு, நீ வந்து பின்னை எடு" என்றார்.

ஆளும் வரவில்லை, தேளும் வரவில்லை. மழைக்கு ஒதுங்கின ஒரு நாய்தான் என் கடை முன்னால் நின்றது. நான் அதற்குத் துப்பாக்கி கொடுத்துச் சுடச் சொல்லவா?

ஜூன் 16, ஞாயிறு

இன்று உடைந்தது எங்கள் துப்பாக்கி. அதற்கும் அவளைத்தான் கூப்பிட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வயிறு எரிகிறது.

பின் எடுப்பது பெரிய வேலையா என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் வீட்டில் பகலில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. முற்றத்தில் மாமனார், அடுப்படியில் மாமியார், நடுவில் இந்த இசக்கித்துரை. நாலாம் நாள் மாமனார் கடைத் துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங் உடைந்தது. "பின் எடுக்க ஒரு ஆள் வேணும்" என்று அவர் சத்தமாகச் சொன்னார். யாரும் அசையவில்லை, நான் போனேன். அவர் அமுக்கிக்கொண்டு குனிந்திருக்க, நான் எதிரே குந்தியிருக்க, அவர் முகம் ஒரு சாண் தூரத்தில். முதன்முதலாக அவர் என்னிடம் தனியாகப் பேசியது அப்போதுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் துப்பாக்கிகள் அடிக்கடி பழுதாயின. நல்ல ஸ்பிரிங்கைக்கூடக் கழற்றி மாட்டினோம். மாமனார் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது அந்த ஒரு சாண் தூரத்தில் வடிவின் பூவும் சந்தனமும். "அத்தான் போதுமா, அத்தான் எடுக்கவா" என்று குழைகிறாள். அவர் ஏதோ சொல்கிறார், அவள் சிரிக்கிறாள். அருவிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்டுத் தொலையவில்லை.

கையில் இருந்த குண்டு டப்பா நழுவி எல்லாக் குண்டும் தரையில். குண்டு வர வரச் சின்னதாகச் செய்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

கடை மூடும்போது இரண்டு கடைத் துப்பாக்கிகளையும் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது என் பொறுப்பு. இன்று அவளுடைய நாலையும் ஏற்றி வைத்து அடுக்கினேன். அவ்வளவுதான். குண்டு போடவில்லை, யாருக்கும் ஆபத்து இல்லை.

குழலை மடக்கி ஏற்றிவிட்டால் ஸ்பிரிங் முழுதும் சுருங்கி உள்ளே பூட்டிக்கொள்ளும். சுட்டால்தான் விடுபடும். அப்படி ஏற்றியபடியே கிடந்தால் நாளாக நாளாக அதன் தெம்பு போய்விடும். உடையாது, தளரும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வடிவுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

ஜூன் 21, வெள்ளி

காலையில் அவளுக்கு முன்னால் நான் போய், நாலு துப்பாக்கியிலும் ஒரு குண்டு போட்டு மணல் மூட்டையில் சுட்டு விட்டேன். ஒன்றும் நடக்காதது போல மாட்டி வைத்தேன். மாலையில் திரும்பவும் ஏற்றினேன்.

ஜூன் 24, திங்கள்

ஆஹா! இன்று ஒரு கல்லூரிக் கூட்டம் அவள் கடையில் சண்டை போட்டது. குண்டு பலூனில் பட்டு, ஒன்றும் செய்யாமல் கீழே விழுகிறதாம். "யக்கா, இது துப்பாக்கியா, ஊதாங்குழலா?" என்று ஒருவன் கேட்டான். வடிவு முகம் சுருங்கிவிட்டது. கூட்டம் அப்படியே என் கடைக்கு வந்தது. மதியம் சுடச்சுட நேந்திரம் சிப்ஸ் வாங்கி ஒரு பொட்டலத்தையும் நானே தின்று தீர்த்தேன். இத்தனை ருசியாக எந்த சீசனிலும் தின்றதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன செய்வார்கள்? மாற்றுவார்கள். யார் மாற்றுவார்? அவர். பின் எடுப்பது யார்? ஒன்றல்ல, நாலு துப்பாக்கி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் செய்த வேலைக்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

அதோடு விட்டேனா? மாலையில் புது ஸ்பிரிங் போட்ட நாலையும் ஏற்றி வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

ஜூன் 27, வியாழன்

இட்லிக் கொப்பரையை இறக்கினபோது ஆள்காட்டி விரலில் சுட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கடைக்கு வந்த பிறகு வடிவுதான் பார்த்தாள்.

"அக்கா, எம்புட்டுப் பெரிய கொப்புளம்! ஒங்களுக்கு எரியலையா?"

எனக்கு எரிவது வேறு இடத்தில் என்று அவளிடம் சொல்லவா முடியும்? அவளே மருந்து வாங்கி வந்து தடவினாள். அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கண்ணால் ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். மருந்து தடவுகிற சாக்கில் அதையும் என் முன்னாலேயே செய்கிறார்கள்.

ரவிக்கைக் கொக்கி மாட்ட இன்று கால்மணி நேரம். தையல்காரி சரியாக வைக்கவில்லை.

ஜூன் 29, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் நான் போவதற்கு முன்னால் வடிவு வந்துவிட்டாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்காகச் சீக்கிரம் வந்தாளாம். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து மடக்கியிருக்கிறாள். ஏற்றாத துப்பாக்கி என்றால் கைக்கு எதிர்த்து நிற்கும். இது தொளதொளவென்று மடங்கியிருக்கிறது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அத்தான், தப்பு எம் மேலதான். சாயங்காலம் ஆளு போன பொறவு ஏத்தினபடியே குடுத்திட்டேன் போல. அக்காவும் கவனிக்காம வச்சிட்டாக. அதான் ஸ்பிரிங் தளருதோ என்னவோ. என்னய வையுங்க அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பலூன் பாக்கெட்டைப் பிரித்தேன். அது பிரிய மாட்டேன் என்றது. பல்லால் கடித்துப் பிரித்தேன்.

அவளை அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஜூன் 30, ஞாயிறு

மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து, குளிக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ரோட்டில் ஆள் இல்லை. வடிவு தென்காசிக்குப் போயிருந்தாள்.

அவர் கழற்றிய நாலு ஸ்பிரிங்கையும் பலகையில் வரிசையாக நிறுத்தினார். பக்கத்தில் ஒரு புதுசை நிறுத்தினார். நாலும் புதுசை விட இரண்டு விரல் குட்டை.

"ஒடஞ்சது ஒண்ணுகூட இல்ல. நாலும் ஒண்ணுபோலத் தளர்ந்திருக்கு" என்றார். "ஒரு துப்பாக்கின்னா மறதின்னு சொல்லலாம். நாலும்னா அது மறதி இல்ல உலகு."

பிறகு எங்கிருந்து வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஆமா, நான்தான் செஞ்சேன். பத்தொம்பது வருஷமா எடுத்த பின்னை இப்ப நான் எடுத்தா ஒங்களுக்கு ஆகாது. பூ வச்சவ கைதான் வேணும். நான் கெழவியாயிட்டேன், எந்திரிச்சுப் போயிருதேன், ரெண்டு பேரும் சேந்து கடையை நடத்துங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இதில் எழுதினால் காகிதம் தாங்காது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினார். அந்தக் கன்றல் இப்போது மஞ்சளாகியிருந்தது. அதன் நடுவில் அந்த இரும்புத் துண்டின் வட்டம் அச்சாக அப்படியே தெரிந்தது. பலகை இடித்தால் வட்டமாகவா கன்றும்?

"அன்னைக்குப் பின்னை முழுசா இழுத்தது நீதான். இழுத்தது ஒனக்கே தெரியல. பின் ஒன் கையில இருக்கு, நீ தரையில தேடுத. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"தேஞ்ச பின்னு..."

"புதுப் பின்னு. மே மாசம் நான்தான் மாத்துனேன்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மேல பட்டிருந்தா எனக்குத் தொண்டை போயிருக்கும். எனக்குப் போனாப் போகுது, ஒன் மூஞ்சிக்கு நேரா வந்திருந்தா? ஒன் விரலுக்கு உணர்ச்சி கொறஞ்சிருக்கு உலகு. பலூன் கட்ட வரல, குண்டு நிக்கல, சுட்டாத் தெரியல. வடிவுகிட்டதான் சொல்லி வச்சேன், அக்கா கையைப் பாத்துக்கோன்னு."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா? பலூன் சரியில்லம்பே, குண்டு சின்னதும்பே. நீ ஒத்துக்கிடுவியா? பின்னை எடுக்க வேண்டாம்னு ஒங்கிட்ட எந்த வாயால சொல்ல? அப்பா இருக்கும்போது நாம எத்தனை நல்ல ஸ்பிரிங்கைக் கழத்திருக்கோம்."

அது அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் அழுதேன். அவரைத் தவிர அந்த நாய்தான் பார்த்தது.

ஜூலை 2, செவ்வாய்

தென்காசியில் டாக்டரைப் பார்த்தோம். சர்க்கரை. நிறைய. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், அதில் விரல் நரம்பு மரத்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உணர்ச்சி பழையபடி வருமா என்று கேட்டேன். சர்க்கரையைக் குறையுங்கள், பார்ப்போம் என்றார்.

ஜூலை 3, புதன்

வடிவிடம் சொல்லிவிட்டேன். மென்று விழுங்காமல் நேராகச் சொன்னேன். "ஒன் துப்பாக்கியை ஏத்தி ஏத்தி வச்சது நான்தான். நீயும் அவுகளும் சேந்து உக்காருதது எனக்குப் பொறுக்கல."

அவளுக்கு வந்ததே கோபம். மூன்று வாரமாக அத்தான் அத்தான் என்று குழைந்தவளா இவள் என்று இருந்தது.

"நல்லா இருக்கே கதை! அந்தக் காலேஜ்ப் பயலுவ என்னய என்ன பேச்சுப் பேசுனானுவ! ராத்திரி பூரா அழுதேன். ஒங்க வீட்டுக்காரரு கூட உக்காந்து நான் என்ன சொகத்தக் கண்டேன்? 'உலகு இப்படித் தட்ட மாட்டா, உலகு இப்படிக் குந்த மாட்டா, உலகு ஒரு தட்டுல நிறுத்துவா.' காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் இதே பாட்டு. எனக்கு ஒங்க பேரைக் கேட்டாலே எரிச்சல் வருது. எனக்குன்னு ஒரு மனுசன் கத்தார்ல கெடக்காரு, வாரத்துக்கு ஒருக்க பேசுதாரு, அதுலயும் பாதி நேரம் சிக்னல் கெடைக்கல."

சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பலகையில் பலூன் கட்டப் போனேன். ஒன்று கூட முடிச்சு விழவில்லை. கடைசியில் அவளே பிடுங்கி, "குடுங்க அக்கா, நீங்க ஊதுங்க, நான் கட்டுதேன்" என்றாள்.

அவர் அவளிடம் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். இதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் சிரித்தாளே, அது எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

சீனி இல்லாத காப்பி. வாயில் வைக்க வழியில்லை.

ஜூலை 6, சனி

வெயிலும் சாரலும் மாறி மாறி. நல்ல கூட்டம். பதினொரு மணிக்கு எங்கள் மூன்றாம் நம்பர் துப்பாக்கி கரகரவென்றது. அவர் சாமான் பையை எடுத்தார். நான் திரும்பிப் பார்க்காமல் குண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வடிவைக் கூப்பிடட்டும், எனக்கென்ன என்று மனசைக் கல்லாக்கி வைத்திருந்தேன்.

"உலகு, வா" என்றார்.

"பின்னு எடுக்க என் கை ஆகாதே."

"பின்னு நான் எடுக்கேன். நீ அமுக்கு. அதுக்கு விரல் வேண்டாம், பாரம்தான் வேணும். வடிவை அமுக்கச் சொன்னா ஸ்பிரிங் அவளையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்."

"அப்ப நான் பாரமா?"

"நீதான் தாயி பாரம்."

சுட வந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கடையில் வடிவும் சிரித்தாள். இருக்கட்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன்.

மரத்துண்டின் மேல் துணியை மடித்து வைத்தார். நான் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, நெஞ்சை அதன் மேல் கொடுத்து அமுக்கினேன். அவர் எதிரே குந்தி, பின்னைப் பாதி தட்டி நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் அமுக்கினேன். உள்ளேயிருந்து அது தள்ளியது. உடைந்த ஸ்பிரிங்கே இந்தத் தள்ளு தள்ளுகிறது. விலா எலும்பு வரைக்கும் ஏறுகிறது, மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. விரல் நுனியில் ஒன்றும் தெரியாத எனக்கு நெஞ்சு முழுவதும் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக இதைத் தாங்கிக்கொண்டா இந்த மனுஷன் என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டார்? சிரிக்கச் சிரிக்கப் பேசினார்? எதிரே உட்கார்ந்து பின்னை உருவின எனக்கு இப்படித் தள்ளும் என்று ஒரு நாளாவது தெரிந்ததா?

அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பின்னைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை "ம்" சொல்ல வேண்டியது நான்.

"மாத்திரை போட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"சரி, ம் சொல்லு."

வடிவு அவள் கடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டியது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவள் நன்றாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் "ம்" சொல்லவில்லை.